மூன்றாவது கொட்டேஷன்

பல் வலிக்கிறது என்று அண்ணாச்சியிடம் மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். குவைத்தில், ஃபர்வானியாவில், அவருடைய ஃபிளாட்டுக்கு எதிர் ஃபிளாட்டில் அப்போது குடியிருந்தேன். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்ததால் சொல்லாமலே தெரிந்திருக்கும். ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதது என் பிறவிக் கோளாறு.

"பல்லுதான? அவசரப்பட்டு எவங்கிட்டயும் வாயத் தொறந்திராதிய தம்பி," என்றார். "மூணு எடத்துல விசாரிப்போம்."

என்னை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டு, மூன்று பல் டாக்டர்களை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யார் ஊசி வலிக்காமல் போடுகிறார், யார் கையில் சிகரெட் வாடை, பிடுங்கிய பல்லை நம்மிடம் தருவார்களா அவர்களே வைத்துக்கொள்வார்களா என்று எல்லா விவரமும் கொண்டுவந்தார். ஒருவர் நல்லவர், ஆனால் காக்கவைக்கிறார். இன்னொருவர் வேகம், ஆனால் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே பிடுங்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் எதற்கெடுத்தாலும் உப்புத் தண்ணீர். இவற்றை ஒப்பிட்டு அண்ணாச்சி ஒரு முடிவை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவர் வீட்டு முறுக்கைக் கடித்தேன். பல் தானாகவே வந்துவிட்டது.

அண்ணாச்சிக்கு மிகுந்த வருத்தம். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்றார். என்னிடம் அல்ல, பல்லிடம்.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீஸர். சிமெண்ட், கம்பி, குழாய், கக்கூஸ் கோப்பை எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, அதற்கப்புறம்தான் ஆர்டர் போட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பெரும்பாலான பர்ச்சேஸ் ஆபீஸர்கள் மாலையில் கோட்டைக் கழற்றும்போது இந்த விதியையும் கழற்றி ஆபீஸிலேயே மாட்டிவிட்டு வருவார்கள். அண்ணாச்சி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டு, அதோடு படுத்தும் உறங்கினார்.

"ஒருத்தங்கிட்ட கேட்டா ஏமாத்துவான். ரெண்டு பேருகிட்ட கேட்டா கொழப்புவான். மூணாவது ஆள் வாயத் தொறக்கும்போதுதான் தம்பி உண்மை வெளிய வரும்," என்பார். தக்காளி வாங்கினால்கூட அப்படித்தான். கீழே கடை வைத்திருந்த காயல்பட்டினத்துப் பாய், அண்ணாச்சி தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே, "மத்த ரெண்டு கடைக்கும் போயிட்டு வாங்க அண்ணாச்சி, தக்காளிய எடுத்து வைக்கேன்," என்று குரல் கொடுத்துவிடுவார்.

அக்காவைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அண்ணாச்சியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "பொண்ணும் மூணு பாத்தாவ தம்பி. நான் ரெண்டாவது. மூணாவது வீட்டுல சொஜ்ஜி ரொம்ப நல்லா இருந்துச்சாம். இன்னைக்கு வரைக்கும் சொல்லுதாவ."

"நல்லா இருந்தத நல்லா இருந்துச்சுன்னுதான சொல்ல முடியும்," என்பார் அண்ணாச்சி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்த வீட்டுக்கு ஏசி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வெயில் தொடங்கும்போது விசாரிக்க ஆரம்பித்தார். குவைத் வெயில். குழாயில் வருகிற தண்ணீரில் நேரடியாக டீ போடலாம். வீட்டோடு ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். ஜப்பான் ஏசி சத்தம் இல்லை, அமெரிக்க ஏசி குளிர் அதிகம், மூன்றாவது கம்பெனிக்காரன் மட்டும் விலை சொல்லாமல் "புக்ரா, புக்ரா" என்று அரபியில் நாளைக்கு, நாளைக்கு என்றே இழுத்தடித்தான். அவன் சொல்லாமல் இவர் வாங்க மாட்டார். கடைசியில் டிசம்பரில் ஏசி வந்து பொருத்திய அன்று நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அது ஓடுகிற அழகைச் சுற்றி நின்று பார்த்தோம்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள். நானே கடைகடையாகப் போய்ச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். கோமதியின் காலேஜ் விஷயத்தில்தான் எங்களுக்குச் சிரிப்பு வராமல் போயிற்று.

கோமதி அவர்களுக்கு ஒரே மகள். இந்தியப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. எப்போதும் பாடிக்கொண்டே இருப்பாள். பல் தேய்க்கும்போது ஒரு பாட்டு, மாடிப்படி இறங்கும்போது ஒரு பாட்டு. எதிர் ஃபிளாட்டில் எனக்கு அலாரம் வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, தலைமுடியும் முழுசாக இருந்தது. இருந்தாலும் என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவாள். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று இதுவரை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்கார டீச்சர், எண்ணெய்க் கம்பெனி ஊரில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் போட்ட இசை நாடகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். சந்தையில் ஆரஞ்சு விற்கிற பெண் வேஷம். நாங்கள் எல்லாரும் பாயின் வேனில் போய்ப் பார்த்தோம். பேசிக்கொண்டே இருக்கிறார்கள், திடீரென்று பாடுகிறார்கள், பாடிக்கொண்டே ஆடுகிறார்கள், மூச்சு வாங்காமல் மறுபடி பேசுகிறார்கள். கோமதி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்று ஒரு பாட்டுப் பாடினாள். கிளப்பில் ஐஸ் கட்டி உரசுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி தட்டவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அது நம்ம கோமதிதான?"

"அவதான் அண்ணாச்சி."

அந்தப் பக்கம் திரும்பிப் பாயிடம் கேட்டார். பாயும் ஆமாம் என்றார். அதுவும் போதாமல், முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரரின் தோளைத் தொட்டு, அந்தப் பெண் என் மகள்தானா என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, அது உங்களுக்குத்தானே ஐயா தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் கோமதி சொல்லிவிட்டாள். "அப்பா, இதுக்குன்னே காலேஜ் இருக்காம். பாட்டு, டான்ஸ், ஆக்டிங் மூணும். நான் அதுதான் படிக்கப்போறேன்."

இன்னொரு வீடாக இருந்தால் அங்கேயே ஒரு பிரளயம் நடந்திருக்கும். அண்ணாச்சி வீட்டில் நடக்கவில்லை. ஏனென்றால் குவைத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே விதிதான். பள்ளிக்கூடம் முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டும். டாக்டர் படிப்போ டைப்ரைட்டிங்கோ, ஊரிலோ சீமையிலோ ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். ஆறு மாசம் வெளியே இருந்தால் ரெசிடென்சியும் கலாஸ், முடிந்துபோகும். அதற்குப் பிறகு சொந்த அப்பா அம்மா வீட்டுக்கே விசிட் விசாவில்தான் வர முடியும். அதனால் போவாளா மாட்டாளா என்ற கேள்வியே அந்த வீட்டில் இல்லை. எங்கே என்பது ஒன்றுதான் கேள்வி. அந்த ஒன்றை அண்ணாச்சி இறுகப் பிடித்துக்கொண்டார்.

பணமும் இருந்தது. ஊரில் வீடு கட்டச் சேர்த்தது. செங்கலுக்கு மூன்றாவது கொட்டேஷன் இன்னும் வராததால் அது அப்படியே பத்திரமாகக் கிடந்தது.

டீச்சர் இரண்டு காலேஜ் பெயர் எழுதிக்கொடுத்தார். ஒன்று லண்டனில், ஒன்று அமெரிக்காவில். அண்ணாச்சி அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"ரெண்டுதான் இருக்கு."

"ரெண்டு போதும்ப்பா."

"எப்பிடிப் போதும்?" என்று மெட்ராஸில் ஒரு சங்கீதக் கல்லூரியையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

விசாரணைக் கடிதங்களை டைப் அடிக்கிற பாக்கியம் எனக்கு. நான் ஒரு டிராவல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தவிர, அண்ணாச்சியின் பார்வையில் நான் நாடகத்துறை நிபுணன் வேறு. எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்தில் வாயிற்காவலனாக நின்று, ராஜா வருகிறார் என்று ஒரே ஒரு வரி பாடியிருக்கிறேன். பாதியில் ஒட்டுமீசை கழன்று வாய்க்குள் போய்விட்டது. ராஜா வந்து, சபை முடிந்து, போய்ச் சேர்கிறவரை நான் இருமிக்கொண்டிருந்தேன். "அனுபவம் உள்ள ஆளு," என்பார் அண்ணாச்சி. கிண்டல் செய்யத் தெரியாத மனிதர்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பாட்டு, நடிப்பு, ஆட்டம் மூன்றும் சேர்ந்த படிப்புக்கு, மாணவி ஒருவருக்குத் தங்களால் இயன்ற மிகச் சிறந்த நிபந்தனைகளைத் தெரிவிக்கவும். சேர்க்கைக்கு ஆகும் காலம், செல்லுபடியாகும் நாள் ஆகியவற்றைக் குறிப்பிடவும். இந்த விசாரணை, ஆர்டர் தருவதற்கான உறுதிமொழி ஆகாது.

"அண்ணாச்சி, காலேஜுக்கு இப்படி எழுதலாமா?"

"எழுதாட்டாத்தான் தம்பி எளக்காரமா நெனப்பான்."

மெட்ராஸ்தான் முதலில் பதில் போட்டது. வாய்ப்பாட்டு உண்டு, வீணை உண்டு. நாடகம் கிடையாது, ஆட்டத்துக்கு வேறு இடம் பார்க்கவும். லண்டனும் அமெரிக்காவும் பளபளக்கும் புத்தகங்கள் அனுப்பியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டை எடுத்ததும், அதே மேஜையில் அவற்றை விரித்து உட்கார்ந்தோம். அக்கா ஒவ்வொரு படத்திலும் சமையல்கட்டு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

கோமதி விவரமாக இருந்தாள். லண்டனில் நடிப்புத்தான் முதலில், பாட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள், போன முதல் வருஷமே மேடையேறலாம். அமெரிக்காவில் மூன்றும் சரிசமம், ஆனால் முதல் வருஷம் மேடைப் பக்கம் விடமாட்டார்கள், திரைக்குப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். "அப்புறம் இன்னொண்ணு இருக்கு அங்கிள். வருஷக் கடைசியில எல்லாரையும் ஆடிப் பாடச்சொல்லிப் பார்ப்பாங்களாம். சரியில்லன்னா சில பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "வீட்டுக்கு அனுப்பிருவானா?"

"ஆமாப்பா. அதுதான் பயமா இருக்கு."

"இதுல என்ன பயம்? சரக்கு ஒத்துவரலன்னா திருப்பி அனுப்புதான். நேர்மையான கம்பெனி!" என்று அந்தப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அனுப்புற செலவு யாரோடதுன்னு போட்டிருக்கானா பாரு."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் தட்டே இல்லாத மேஜையில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு காலேஜும் பாட்டையும் ஒரு காட்சி வசனத்தையும் கேசட்டில் பதிவு செய்து அனுப்பச்சொன்னார்கள். அண்ணாச்சி வீட்டில் டேப்ரெக்கார்டர் இருந்தது, கேசட் அனுப்பியும் பழக்கம். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேர் ஊருக்குக் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, பேசி அனுப்பத் தொடங்கியிருந்தோம். வீட்டுக்காரர் பேசி முடித்ததும் மனைவி, பிறகு பிள்ளைகள், பிறகு பக்கத்து வீடு, அப்புறம் தற்செயலாகப் பால் கொண்டுவந்தவர் என்று எல்லாரும் ஒரு வார்த்தை சொல்வார்கள். கேசட்டில் இடம் மிச்சம் வைத்து அனுப்புவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாதி இலையில் எழுந்துபோவது மாதிரி.

ஏசியை நிறுத்தி, ஜன்னலை எல்லாம் அடைத்து, கீழே பாய் தன் ஐஸ் பெட்டியைக்கூட அணைத்துக்கொடுக்க, வியர்வையில் குளித்துக்கொண்டு கோமதி பாடினாள். முதலில் அமெரிக்காவுக்கு ஒரு கேசட். பிறகு லண்டனுக்கு. இரண்டாவது முடிந்ததும் முகம் கழுவ ஓடிவிட்டாள். அண்ணாச்சி கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம் பூராக் காலியா இருக்கே."

"இருக்கட்டும் அண்ணாச்சி. இது காலேஜுக்குப் போற கேசட்."

"அங்கயும் மனுசங்கதான இருக்காவ?" என்று திருப்பிப் போட்டு, சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டார்.

ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் பேசி விலையைக் குறைக்கிற மனிதர்தான். ஆனால் கேசட்டில் இங்கிலீஷ் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"காலேஜுல உள்ள எல்லாருக்கும் வணக்கம். நான் கோமதிக்க அப்பா பேசுதேன். இங்கன எல்லாரும் சொகம். அங்கன நீங்க எல்லாரும் சொகமா இருப்பியன்னு நெனக்கேன்." டேப் ஓடிக்கொண்டிருந்தது. "பிள்ளைக்கு மோரு இருந்தாப் போதும், வேற ஒண்ணும் கேக்காது. ஒரே ஒரு விசயம். காய்ச்சல்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டா. சின்னப் பிள்ளையில இருந்தே அப்பிடித்தான். பாட்டு நின்னுபோச்சுன்னா நெத்தியத் தொட்டுப் பாருங்க. நீங்களாத் தொட்டுப் பாத்தாத்தான் உண்டு." டேப் எவ்வளவு மிச்சம் என்று குனிந்து பார்த்தார். "இப்பம் தம்பி ஒரு வார்த்த பேசுவாவ."

மைக்கை என் பக்கம் நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். இருமினேன். லண்டன் மாநகரத்துக்கு என்னுடைய கலைச் செய்தி அந்த இருமல்தான்.

கேசட்டுக்கு அமெரிக்காவின் பதில்தான் முதலில் வந்தது. இடம் உண்டு. இன்ன தேதிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

கோமதி மாடிப்படியில் ஏறி இறங்கி, பாயின் கடை வரைக்கும் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தாள். பாய் எல்லாருக்கும் ஆரஞ்சு கொடுத்தார். அண்ணாச்சியும் ஒன்றை உரித்துத் தின்றார். தின்று முடித்துவிட்டு, "லண்டன்காரனும் சொல்லட்டும்," என்றார்.

"அப்பா, லண்டன் கிடைக்குமான்னே தெரியாது. இது கையில இருக்கு. பிடிச்சுக்கலாம்ப்பா."

"கையில ரெண்டு பதில்தான் இருக்கு. அதுல மெட்ராஸ் கணக்குலயே வராது. ஒண்ண வச்சு எப்பிடி முடிவெடுக்க?"

தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். லண்டன் வராது. கோமதி கேட்பதற்கு முன்னே கையை விரிப்பார். அக்கா என்னிடம் சொன்னார், நான் பாயிடம் சொன்னேன், பாய் அண்ணாச்சியிடமே சொன்னார்: "அண்ணாச்சி, இது தக்காளி இல்ல. எடுத்து வைக்க மாட்டான்." நானும் என் பங்குக்கு ஒரு நாள் தைரியமாகப் பேசப் போனேன். அண்ணாச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உங்க ஒப்பீனியன். இன்னும் ரெண்டு பேருகிட்டக் கேட்டுக்கிடுதேன்," என்றார். நான் மீசையை விழுங்கிய ஆள், வேறென்ன செய்ய முடியும்?

தேதி போயிற்று.

அதற்கப்புறம்தான் அவருக்குப் பதற்றம் வந்தது. ஆபீஸ் டெலக்ஸிலிருந்து, செல்லுபடி நாளை நீட்டித் தர வேண்டும் என்று கேட்டார். கம்பிக்காரனும் சிமெண்ட்காரனும் எப்போதும் நீட்டித் தருவார்கள். அமெரிக்கா இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தது. அந்த இடம் வேறு மாணவிக்குப் போய்விட்டது.

கோமதி அழவில்லை. சண்டை போடவும் இல்லை. என் ஃபிளாட்டின் வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள். "அப்பாவுக்குப் பிடிச்ச காலேஜையே அப்பா விட்டுட்டாங்க, பார்த்தீங்களா அங்கிள்?"

மறுநாள் காலையில் எனக்கு விழிப்பு வர நேரமாகிவிட்டது. ஆபீஸுக்கு லேட். அதற்கு மறுநாளும் லேட். அப்போதுதான் உறைத்தது, எதிர் ஃபிளாட்டில் பாட்டு இல்லை. பல் தேய்க்கும் சத்தம் கேட்டது, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் ஒரு மாலை அண்ணாச்சி என் கதவைத் தட்டினார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"தம்பி, நெத்தியத் தொட்டுப் பாத்தேன்."

"என்ன அண்ணாச்சி?"

"காய்ச்சல் இல்ல." அவருடைய வலது கை இன்னும் தொட்டபடியே காற்றில் நின்றது. "ரெண்டு தடவ பாத்துட்டேன். அவ அம்மையையும் பாக்கச் சொன்னேன். காய்ச்சல் இல்ல தம்பி. பொறவு ஏன் பாட மாட்டேங்கா?"

எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் என் ஸ்டவ்வில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அணைக்கக்கூடக் கை வரவில்லை.

லண்டன் கடிதம் எல்லாரும் நம்பிக்கை விட்ட பிறகு வந்தது. இடம் உண்டு. பத்து நாளில் பதில் வேண்டும். கடிதத்தின் அடியில் யாரோ பேனாவால் நாலு வரி எழுதியிருந்தார்கள். கோமதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேசட்டோட பின்பக்கத்துல ஒரு வயசானவர் ஒரு காட்சி பேசியிருக்காராம். பாஷை புரியலையாம், ஆனா எல்லாரும் உக்காந்து முழுசாக் கேட்டாங்களாம். அது எந்த நாடகம்னு கேக்குறாங்க. அப்பா, என்னது இது?"

"டேப்பு மிச்சம் இருந்துச்சு," என்றார் அண்ணாச்சி. எழுந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

கோமதி என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அப்பா என்ன பேசினாங்க?"

எதையும் வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கிறவன் நான். எங்கள் டிராவல் ஆபீஸின் எகிப்திய முதலாளி மேஜையைக் குத்தியபோதும் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. அண்ணாச்சி பேசியதை அவர் பேசிய மாதிரியே சொன்னேன். மோர், காய்ச்சல், நெற்றி எல்லாம். கோமதி கேட்டுக்கொண்டு, கடிதத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

அக்காதான் பேசினார், சமையல்கட்டைப் பார்த்துச் சத்தமாக. "எனக்க கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மூணு மக இருந்தா ஒவ்வொரு காலேஜுக்கும் ஒருத்திய அனுப்பி, எது தேவலன்னு பாக்கலாம். இருக்கது ஒண்ணு. என்னத்த வச்சு என்னத்த ஒப்பிடப் போறிய?"

உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

அன்று மாலையே டைப்ரைட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் காகிதத்தைச் சொருகி, நிபந்தனைகளுக்காகக் காத்திருந்தேன். "பிள்ளைய அனுப்புதோம்னு அடிங்க," என்றார். அடித்தேன். அடுத்த வரிக்கு நிமிர்ந்தேன். "அம்புட்டுதான் தம்பி," என்றார். அண்ணாச்சிக்கு நான் அடித்துக் கொடுத்ததிலேயே சின்னக் கடிதம் அதுதான்.

லண்டன் சரியா, அமெரிக்கா சரியா என்று என்னை இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. அது சரியான காலேஜ் என்று நாங்கள் ஒருவரும் முடிவு செய்யவில்லை. அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

விமான நிலையத்துக்குப் பாயின் வேனில் போனோம். பின்னால் வெங்காயச் சாக்குகள், அவற்றின் மேல் கோமதியின் பெட்டி, பெட்டியின் மேல் அக்கா கட்டிக்கொடுத்த முறுக்கு டின். டின்னைப் பார்த்ததும் என் நாக்கு தானாகவே பல் இருந்த இடத்தைத் தடவிற்று. வழியெல்லாம் கோமதி மெதுவாக ஏதோ முனகிக்கொண்டு வந்தாள். பாட்டுத்தான்.

உள்ளே போய்விட்டாள். இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் அவள். வரிசை மெல்ல நகர்ந்தது. அண்ணாச்சி என் காதருகே வந்தார்.

"தம்பி, இப்பமே அழலாமா, வீட்டுல போயி அழலாமா? நீங்க என்ன சொல்லுதிய?"

"வீட்டுக்குப் போயிடலாம் அண்ணாச்சி. அவ பார்த்தா கலங்கிடுவா."

தலையை ஆட்டிவிட்டுப் பாயிடம் போனார். "இங்கனயே அழுதுருங்க அண்ணாச்சி," என்றார் பாய். "வீட்டுக்குப் போனா உங்க வீட்டம்மாவத் தேத்தணும்லா, அப்ப நேரம் கெடைக்காது."

இரண்டும் இரண்டு விதம். மூன்றாவதற்கு அக்காவைப் பார்த்தார். அக்கா யாரையும் கேட்காமல் முந்தானையில் முகத்தைப் புதைத்து எப்போதோ தொடங்கிவிட்டிருந்தார். அண்ணாச்சி என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப்பையில் பேனாவைத் தடவிக்கொண்டு நடுவில் நின்றார்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமதி திரும்பினாள். கத்தினாலும் கேட்காது. தன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, அண்ணாச்சியைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். காய்ச்சல் இல்லை. பிறகு சிரித்தாள். பிறகு வரிசை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அண்ணாச்சியின் கையும் அதே மாதிரி உயர்ந்து, பாதியில் நின்று, தன் நெற்றிக்கே போயிற்று. அந்தக் கைக்குக் கீழே முகம் உடைந்தது.

திரும்பும்போது நான்கு பேரும் வேனின் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாய் ஒரு கையால் ஓட்டி, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சவத்து வெங்காயம்," என்றார். "கண்ணு எரியுது."

சாக்கில் உரிக்காமல் கிடக்கிற வெங்காயம் யார் கண்ணையும் எரிக்காது. ஒரு பர்ச்சேஸ் ஆபீஸருக்கு அது தெரியாதா? ஆனாலும் அண்ணாச்சி, "ஆமா, வெங்காயம்தான்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னிடமும் கேட்கவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை.